பெட்டியின் மேல் எழுதிய பெயர்

ஆறு உள்சட்டைகள், இரண்டு ஃபிளானல் உள்பாவாடைகள், ஆறு ஜோடி காலுறைகள், இரண்டு ஜோடி காலணிகள், இரண்டு கவுன்கள். கவுன்களில் ஒன்று குளிர் தாங்கும் துணியில் இருக்க வேண்டும். இவற்றை வைத்துப் பூட்ட ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மேல் அவளுடைய பெயர்.

1848க்கும் 1850க்கும் இடையில் அயர்லாந்தின் ஏழை விடுதிகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட அனாதைப் பெண்களுக்கு அரசு விதித்த பட்டியல் இது. இதைச் சீதனப் பட்டியல் என்று தெரிந்தே சொல்கிறேன். அந்தப் பெண்கள் அனுப்பப்பட்டது வீட்டு வேலைக்கு என்று ஆவணங்கள் சொல்கின்றன. வீட்டு வேலைக்குப் பிறகு அவர்கள் என்ன ஆக வேண்டும் என்பதை அனுப்பியவர்கள் யாரும் மறைக்கவில்லை. குடியேற்ற நாட்டில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. அயர்லாந்தில் சோறில்லாத பெண்கள் அதிகம். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் நேர் செய்த திட்டத்துக்கு, அப்போது காலனிகளுக்கான அமைச்சராக இருந்த ஏர்ல் கிரேயின் பெயர் வந்தது. இருபது கப்பல்களில் 4,114 பெண்கள் போனார்கள். சிட்னிக்கு 2,253 பேர், மெல்பர்ன் இருந்த போர்ட் பிலிப் பகுதிக்கு 1,255 பேர், அடிலெய்டுக்கு 606 பேர். பெரும்பாலோருக்குப் பதினான்கிலிருந்து இருபதுக்குள் வயது.

இன்று ஆஸ்திரேலியாவில் இவர்களுடைய வழித்தோன்றல்கள் ஏராளம். பாட்டியின் பாட்டி ஒரு பஞ்சத்து அனாதை என்று கண்டுபிடிப்பதும், அவள் வந்த கப்பலின் பெயரைத் தேடி எடுப்பதும், அவளுடைய கதையை எழுதி வைப்பதும் அங்கே வளர்ந்து நிற்கும் ஒரு தனி எழுத்து வகை. டிரெவர் மெக்லாக்லின் என்ற வரலாற்றாசிரியர் 1991இல் இந்தப் பெண்களின் பெயர்ப் பதிவேட்டைத் தொகுத்து நூலாக்கிய பிறகு அந்த எழுத்து இன்னும் பெருகியது. பல ஆண்டு உழைப்பால் திரட்டப்பட்ட அந்தக் கதைகள் இல்லாவிட்டால் இந்தப் பெண்கள் வெறும் எண்ணிக்கையாகவே மிஞ்சியிருப்பார்கள். அந்த நன்றியோடுதான் அவற்றை விமர்சிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மூதாய் எப்படிச் சொல்லப்படுகிறாள்? எந்த அளவுகோலால் அவளுடைய வாழ்க்கை வெற்றி என்றோ சோகம் என்றோ தீர்ப்பிடப்படுகிறது?

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். அனாதை. நாதன் இல்லாதவள். தமிழில் இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ஆண் உட்கார்ந்திருக்கிறான். தலைவன், காப்பவன், கணவன் எல்லாம் நாதன்தான். ஆங்கிலச் சொல்லில் அப்படி ஒருவன் இல்லை. ஆனால் அந்தத் திட்டம் நம்முடைய சொல்லைப் போலவே யோசித்தது. கப்பலில் வந்த பெண்களில் பலருக்குப் பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தார். கரையிறங்கியபோது எழுதிய பட்டியல்களில் பெற்றோர் பெயரும், இருக்கிறார்களா இறந்தார்களா என்பதும் பதிவாகியிருக்கின்றன. தாய் இருந்தும் மகள் அனாதைக் கணக்கில் சேர்ந்தாள். ஏன்? பிள்ளைக்குச் சோறு போட முடியாத விதவை, அரசின் கண்ணில் ஆதரவு என்று எண்ணத்தக்கவள் அல்ல.

அந்தத் தாயை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்பதைக் குடும்பக் கதைகள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. உருளைக்கிழங்கு அழுகியது, பஞ்சம் வந்தது, அவள் கிளம்பினாள். 1845இல் கருகல் நோய் வந்தது உண்மை. ஆனால் கிழங்கு அழுகினால் மக்கள் சாக வேண்டும் என்று இயற்கை விதிக்கவில்லை. பஞ்ச ஆண்டுகளிலும் அயர்லாந்திலிருந்து உணவுப் பொருள் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. தானியச் சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்பது அன்றைய ஆட்சியாளர்களின் பொருளாதார நம்பிக்கை. 1847இல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடும்பம் அதைவிட்டு விலகினால்தான் உதவி. ஆக, கஞ்சியா நிலமா என்று கேட்டார்கள். கஞ்சியைத் தேர்ந்தவர்கள் ஏழை விடுதிக்குப் போனார்கள். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். குடும்பத்தைப் பிரித்துவைப்பதுதான் விடுதியின் விதி. சும்மா சோறு தின்ன யாரும் ஆசைப்பட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே கடுமையாக வைத்த விதி. 1841 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சத்துச் சொச்சம் ஆயிற்று. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் நாட்டைவிட்டுப் போனார்கள்.

பிரிந்த குடும்பத்தின் பெண்பிள்ளை விடுதியிலேயே வளர்ந்தால் விடுதிக்குச் செலவு. உடைக்கும் பெட்டிக்கும் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகம் வரையான பயணத்துக்கும் ஒருமுறை செலவழித்தால் அதோடு கணக்கு முடியும். கப்பல் கட்டணத்தைக் காலனியின் நிதி ஏற்றுக்கொண்டது. அந்த நிதியில் பெரும் பங்கு நிலம் விற்ற பணம். அது யாருடைய நிலம் என்பதற்குப் பிறகு வருவோம்.

இவர்களை வெறும் பலிகள் என்று எழுதுவதும் சரியாகாது. விடுதியின் சுவருக்குள் சாவைப் பார்த்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு, புதுச் செருப்பும் தன் பெயர் எழுதிய பெட்டியும் கடல் கடந்த ஒரு வேலையும் நல்ல சேதியாகவே இருந்திருக்கலாம். அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து ஏறியவர்கள் உண்டு. 1847இல் கனடாவுக்குப் போன கப்பல்களில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததோடு ஒப்பிட்டால் இந்தக் கப்பல்கள் ஒழுங்கானவை. மருத்துவரும் மேற்பார்வைப் பெண்ணும் கூடவே போனார்கள், வழியில் இறந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் சாவுக்கும் கப்பலுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததை விருப்பம் என்று சொன்னால், அந்தச் சொல்லின் கனம் குறைந்துவிடுகிறது. அவளுக்குத் தைரியம் இருந்தது. அந்தத் தைரியத்தைக் காட்டித் திட்டத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

கரையிறங்கியதும் நடந்தது பெண்ணிய வாசிப்புக்கு இன்னும் முக்கியம். முதல் கப்பலின் பெயரும் ஏர்ல் கிரேதான். 1848 அக்டோபரில் சிட்னிக்கு வந்தது. அதன் மருத்துவ மேற்பார்வையாளர் பெல்ஃபாஸ்ட் பகுதியிலிருந்து வந்த பெண்கள் பலர்மீது ஒழுக்கக்கேடு என்று குற்றம் சாட்டினார். கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், அடங்க மாட்டேன் என்கிறார்கள், விபசாரிகள். அயர்லாந்தில் விசாரணை நடந்தது. அந்தப் பெண்கள் சிட்னியில் தங்கவிடப்படாமல் தொலைவான ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வாய் பேசுவதும் உடம்பை விற்பதும் ஒரே குற்றப்பத்திரிகையில் அடுத்தடுத்த வரிகளாக வருவது நமக்குப் புதிதல்ல.

வேலைக்கு வைத்த எஜமானிகளின் புகார் வேறு வகை. இவர்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை, பால் கறக்கத் தெரியவில்லை, துணி துவைக்கத் தெரியவில்லை. ஒற்றை அறைக் குடிசையில் ஒரே பானையில் கிழங்கு வேகவைத்துத் தின்ற குடும்பத்தில் பிறந்து, விடுதியில் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்தவளுக்கு வறுத்த இறைச்சியும் விரிப்பு போட்ட மேசையும் எப்படித் தெரியும்? வீட்டு வேலை பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவது என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அது கற்க வேண்டிய தொழில் என்றும் வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுகிற தொழில் என்றும் இந்தப் பெண்களின் தெரியாமை நிரூபித்தது. ஒப்பந்தத்தை மீறினால் நீதிபதி முன் நிறுத்தினார்கள். ஒப்பந்தம் ரத்தானால் விடுதிக்குத் திரும்பி வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் சிறுமி கல்யாணம் செய்யவும் அதிகாரிகளின் அனுமதி தேவை. இல்லாத நாதனின் இடத்தில் அரசே உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது எதிர்ப்பு மதத்தின் பெயரால் வந்தது. ஜான் டன்மோர் லாங் என்ற பிரெஸ்பிட்டீரியன் பாதிரியார், கத்தோலிக்கப் பெண்களைக் கொண்டுவந்து புராட்டஸ்டன்ட் ஆண்களுக்குக் கட்டிவைத்தால் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் கத்தோலிக்கர் ஆகிவிடுவார்கள், காலனியே கைமாறிவிடும் என்று பிரசாரம் செய்தார். அனுப்பியவனுக்கு அவளுடைய கருப்பை தேவைப்பட்டது. எதிர்த்தவனுக்கு அதே கருப்பை பயம் தந்தது. இருவரும் வேறொன்றையும் அவளிடம் பார்க்கவில்லை. மெல்பர்னின் ஆர்கஸ் போன்ற பத்திரிகைகளும் தொடர்ந்து ஏசின. 1850இல் திட்டம் நின்றது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு வழித்தோன்றல்கள் எழுதும் கதைகளுக்கு வருவோம். பெரும்பாலான கதைகளுக்கு ஒரே எலும்புக்கூடு. பஞ்சம், கப்பல், வேலை, கல்யாணம், பிள்ளைகள், கல்லறை. கடைசிப் பத்தியில் ஒரு கூட்டல் கணக்கு. அவளுக்கு இத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு இத்தனை பிள்ளைகள், இன்று நாங்கள் இத்தனை நூறு பேர். ஒன்றுமில்லாமல் வந்தவள் ஒரு வம்சத்தையே உண்டாக்கினாள். எழுதுபவரின் கண்ணீர் உண்மையானது, பெருமையும் உண்மையானது. ஆனால் இந்த முடிவுரையை ஏர்ல் கிரே படித்தால் மகிழ்ந்திருப்பார். பெண் போதாத நாட்டுக்குத் தாய்மார்களை அனுப்ப வேண்டும் என்று அவர் போட்ட கணக்கு அப்படியே விடை கொடுத்திருக்கிறது. நூற்றெழுபது ஆண்டு கழித்துப் பேத்தியும் அதே கணக்கைத்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள்.

அந்தக் கணக்கில் வராதவர்கள் யார்? பிள்ளை பெறாதவள், கல்யாணமே செய்யாதவள், பிரசவத்தில் செத்தவள், குடிகாரப் புருஷனிடமிருந்து ஓடியவள், மனநோய் இல்லத்தின் பதிவேட்டில் முடிந்துபோனவள். வழித்தோன்றல் இல்லாதவளுக்குக் கதை எழுத ஆளில்லை. வம்சம் இருந்தால்தான் வரலாறு என்றால், குடும்ப வரலாறு என்ற வடிவமே கருவுற்ற பெண்களை மட்டும் நினைவில் வைக்கும் இயந்திரம் ஆகிவிடுகிறது. மெக்லாக்லின் தன் நூலுக்கு ‘வெறுங்காலும் கர்ப்பமும்’ என்ற பொருளில் வரும் ஆங்கில வசைத் தொடரைத் தலைப்பாக்கி, அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறியைப் பல குடும்பக் கதைகள் கவனிக்காமலே கடந்துவிட்டன. அவர் தொகுத்த பதிவேட்டில் கதையே கிடைக்காத பெண்களும் வெறும் பெயரும் கப்பலுமாக நிற்கிறார்கள். அந்த வெற்றிடத்தையும் அச்சிட்டது அந்த நூலின் நேர்மை.

சிட்னியில் ஹைட் பார்க் பாரக்ஸின் சுவரில் இந்தப் பஞ்சத்துக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. 1999இல் திறந்தார்கள். ஏஞ்சலா வலமனேஷ், ஈரானில் பிறந்து குடிபெயர்ந்த ஹுசைன் வலமனேஷ் ஆகிய இருவரின் படைப்பு. ஆண் கைதிகளை அடைக்க 1819இல் கட்டிமுடித்த அந்தக் கட்டடம்தான் 1848இல் குடியேறும் பெண்களின் தங்குமிடமாக மாறியது. அதன் சுவரைப் பிளந்துகொண்டு ஒரு வெண்கல மேசை இரண்டு பக்கமும் நீள்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு கிண்ணம், அதற்கு அடி இல்லை. கண்ணாடியில் நானூறு பெயர்கள் பொறிக்கப்பட்டு, போகப்போக மங்குகின்றன. நான் பார்த்த குடும்பக் கதைகள் பலவற்றைவிட இந்தச் சின்னம் நேர்மையானது. அது பிள்ளைகளை எண்ணவில்லை, யாரையும் வீரத்தாய் ஆக்கவில்லை. மங்கும் பெயர்கள், நினைவுக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்கின்றன. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அந்த மேசையில் பசி இருக்கிறது, வீடு இருக்கிறது, வேலை இல்லை. பிறருடைய மேசையைத் துடைத்த கையைக் காணவில்லை. இந்தப் பெண்கள் காலனிக்குக் கொடுத்ததில் பெரும் பகுதி கூலி உழைப்பு. அதை நினைவுகூர ஒரு துடைப்பமோ துவைதொட்டியோ போதுமாயிருந்திருக்கும்.

இப்போது நிலத்துக்கு வருவோம். 1850 பிப்ரவரியில் சிட்னி சேர்ந்த தாமஸ் ஆர்பத்நாட் கப்பலின் மருத்துவர் சார்ல்ஸ் ஸ்ட்ரட், தன் பொறுப்பிலிருந்த பெண்களில் நூறு பேருக்கு மேல் வண்டிகளில் ஏற்றி, யாஸ், கண்டகாய் வரை கூடவே போய், நல்ல வீடாகப் பார்த்து வேலைக்கு வைத்தார். அவருடைய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. மோசமான எஜமானர்களுக்குப் பெண்களைத் தர மறுத்த மனிதர் அவர். இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் அவரை நேசிக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வண்டிகள் போன கண்டகாய் விரஜுரி மக்களின் நாடு. தன் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஐரிஷ் குடியானவனின் மகள், தன் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட இன்னொரு இனத்தின் மண்ணில் சமையல்காரியாகவும் பிறகு குடியேறியின் மனைவியாகவும் ஆனாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்டகாய்க்கு அருகிலுள்ள கூட்டமுண்ட்ராவில் பூர்வகுடிச் சிறுமிகளுக்கு ஒரு வீட்டு வேலைப் பயிற்சி இல்லம் திறந்தார்கள். தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, வேலைக்காரிகளாகப் பழக்கி, வெள்ளையர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். 1960களின் இறுதிவரை அது நடந்தது. அங்கேயும் தாய் உயிரோடு இருந்தாள். அங்கேயும் அவள் ஆதரவாக எண்ணப்படவில்லை. ஐரிஷ் மூதாயின் கதையில் இந்த இரண்டாவது சிறுமிக்கு ஒரு வரிகூட இல்லாவிட்டால், அந்தக் கதை நம் அனுதாபத்தைக் கேட்க முடியும், முழு நம்பிக்கையைக் கேட்க முடியாது.

நாம் ஏன் இதைப் படிக்க வேண்டும்? அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு நிவாரணத்தைச் சுருக்கிப் பிடித்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன், 1859இல் மதராஸின் கவர்னராக வந்தவர். ஆள் போன பிறகும் கொள்கை நின்றது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், சந்தையில் தலையிடாதே, உதவியைக் கடுமையாக்கு என்ற அதே பாடத்தை ரிச்சர்ட் டெம்பிள் இங்கே நடத்தினார். கடின வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கஞ்சித்தொட்டி என்ற சொல் சென்னையில் இன்றும் ஓர் ஆஸ்பத்திரியின் பெயராக மக்கள் வாயில் வாழ்கிறது. பஞ்சத்துக்குத் தப்பித் தோட்டங்களுக்கும் தீவுகளுக்கும் கப்பலேறிய நம் பெண்களையும் அரசு விகிதாசாரக் கணக்கில்தான் ஏற்றியது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது ஒப்பந்தக் கப்பல்களின் விதி. தனியாகக் கப்பலேறியவள் ஒழுக்கம் கெட்டவள் என்ற பேச்சும் அதே பேரரசின் காகிதங்களில் அதே மையில் இருக்கிறது. இரண்டு துயரங்களும் ஒன்றல்ல. ஐரிஷ் பெண் போன இடத்தில் அவளுடைய பிள்ளை வெள்ளைக் குடிமகன் ஆனான், நம் பெண்ணின் பிள்ளை கூலி லயத்தில் பிறந்தான். ஆனால் கணக்குப் போட்ட மேசை ஒன்றுதான்.

ஈவ்லின் கான்லன் என்ற ஐரிஷ் எழுத்தாளர் ஸ்ட்ரட் கூட்டிச்சென்ற பெண்களை வைத்து 2013இல் ஒரு நாவல் எழுதினார். குடும்பக் கதைகள் தொடத் தயங்கிய ஒன்றை அந்த நாவல் தொட்டது. இந்தப் பெண்கள் ஏன் பேசவில்லை? தன் பிள்ளைகளிடம்கூடப் பஞ்சத்தைப் பற்றி, விடுதியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் வழித்தோன்றல்கள் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியிருக்கிறது. மௌனத்தை அவமானத்தின் அடையாளம் என்று வாசிப்பது எளிது. வாழ வேண்டும் என்று முடிவெடுத்தவள் மறதியையும் ஒரு கருவியாகக் கையில் எடுத்திருக்கலாம். எங்கே பிறந்தாய், தாய் தந்தை யார், எழுதத் தெரியுமா, உடல்நலம் எப்படி, புகார் ஏதும் உண்டா என்று பதினாறு வயதில் வரிசையில் நிறுத்திக் கேட்கப்பட்டவள் அவள். அறுபது வயதில் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று இருக்க அவளுக்கு உரிமை உண்டு. அவளுடைய மௌனத்தை உடைத்துத் திறக்க வேண்டிய பூட்டாக மட்டுமே பார்க்கும் பேத்தியும் ஒரு விதத்தில் அந்தக் குடியேற்ற அதிகாரியின் நாற்காலியில்தான் உட்கார்கிறாள்.

அப்படியானால் எழுதவே கூடாதா? எழுத வேண்டும். எழுதும்போது பிள்ளைகளை எண்ணுவதற்கு முன் அவள் வேலை செய்த வீடுகளை எண்ணலாம். கணவனின் பெயருக்கு முன் அவள் கூடக் கப்பலேறிய பெண்களின் பெயர்களைத் தேடலாம். சிட்னியில் எழுதிய பட்டியலில் ஒரு கேள்வி உண்டு. காலனியில் உனக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா? பெரும்பாலோர் பதில் இல்லை என்பதுதான். நான்கு மாதம் ஒரே கப்பலில் ஒருத்தி தலையை ஒருத்தி வாரிவிட்டு, ஒருத்தி வாந்தியை ஒருத்தி துடைத்துவிட்டு வந்த பெண்கள் உறவு என்ற கட்டத்துக்குள் அடங்கவில்லை. அந்தப் பதிலை அதிகாரி எழுதினான். நாமும் அதையே நகலெடுக்க வேண்டியதில்லை.